மூணாம் மெஷினில் இன்று எத்தனாம் நாள்?

முட்டையக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் இப்போது அதற்கு வேலை இல்லை. பதினாலு வருஷமாகக் குஞ்சு பொரிப்பகத்தில் மேற்பார்வை பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? தெருவில் முட்டையக்கா, மருந்துக்கடையில் முட்டையக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளி வாயிலும் முட்டையக்காதான். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முட்டைக்கு இருக்கிற மரியாதை மனுஷருக்கு எங்கே இருக்கிறது என்பாள்.

பொரிப்பகத்தில் மூன்று மெஷின்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு. உள்ளே தட்டுத் தட்டாக நாலாயிரம் முட்டை. சூடு எப்போதும் முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டும். மணிக்கொரு தரம் தட்டுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பதினெட்டாம் நாள் முட்டைகளைப் பொரிக்கும் பெட்டிக்கு மாற்றுவார்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு. மூன்று மெஷினிலும் முட்டை வைத்த நாள் வேறு வேறு என்பதால் முட்டையக்காவின் தலைக்குள் மூன்று காலண்டர்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் முழிப்பாள். ரெண்டாம் மெஷினில் எத்தனாம் நாள் என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வாள்.

தூக்கத்தில் சொன்னாளோ இல்லையோ, எழுந்ததும் சொல்வாள். கையில் டீ டம்ளரோடு முன்னறை வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு, "ஒண்ணு பதினொண்ணு, ரெண்டு நாலு, மூணு ஒண்ணு" என்பாள். அந்த முன்னறைதான் அவள் கணவரின் தையல் கடை. அவர் ஆறரைக்கெல்லாம் வேலையில் உட்கார்ந்துவிடுவார். வாயில் நாலு குண்டூசி. தலையைத் தூக்காமல் "ம்" என்பார். பிறகு அவள் அன்றைய கவலைகளை எடுத்து வைப்பாள். மூணாம் மெஷின் கதவில் ரப்பர் தளர்ந்துவிட்டது, ஜெனரேட்டர் லேசில் கிளம்ப மாட்டேன் என்கிறது. அதற்கும் "ம்"தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அதில் பதினாலு வருஷம் இந்த "ம்".

"சுவத்துகிட்ட பேசினாலாவது எதிரொலி கேக்கும். நான் என்ன வேலை பாக்கறேன்னு இந்த வீட்ல ஒருத்தருக்காவது தெரியுமா?" என்று டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுக் கிளம்புவாள். சண்டை இல்லை. நல்ல மனுஷர், குடி இல்லை, கோபம் இல்லை, ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பேசினால்தானே கடிந்து பேசுவதற்கு! இருந்தாலும் அந்தக் குறை அவளுக்குள் ஓரமாக உட்கார்ந்தே இருந்தது.

இந்த நேரத்தில்தான் அவள் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். "இந்த பேட்ச் முடியட்டும் டாக்டர்" என்றாள். மறுபடி குறித்தார்கள், அடுத்த பேட்ச். மூன்றாம் தரம் வலியில் சுருண்டு போய் வந்தவளைப் பார்த்து டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க பேட்ச் முடியற வரைக்கும் கல்லு காத்துக்கிட்டு இருக்காதும்மா. இன்னும் பத்து நாள். வியாழக்கிழமை காலைல வந்து படுக்கறீங்க. அவ்வளவுதான்."

படுக்கலாம். மெஷினை யார் பார்ப்பது? முட்டை வைக்கும் நாளிலும், மாற்றும் நாளிலும், குஞ்சு எடுக்கும் நாளிலும்தான் ஆட்கள் வருவார்கள். முதலாளி அந்த வாரம் வெளியூர். பதினாலாம் நாளுக்கு மேல் முட்டைக்கே தன் சூடு பிறந்துவிடும். விசிறி அரைமணி நின்றால் உள்ளே இருப்பது அத்தனையும் வெந்துபோகும். வியாழக்கிழமை ஒண்ணாம் மெஷினில் பதினாறாம் நாள். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், வயிற்றில் கல் இருக்கும் இடம் இன்னும் கொஞ்சம் வலித்தது.

முதலாளி எலெக்ட்ரிஷியனை அனுப்பிவைத்தார். எல்லோரும் அவரை வயர் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்வேலையோடு கம்ப்யூட்டர் வேலையும் தெரிந்த மனுஷர், ஆனால் பிறவியிலேயே சந்தேகக்காரர். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார், பாதி வழி போய்த் திரும்பி வந்து நாலாம் தரமும் இழுப்பார். அவர் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மெஷின் அறைச் சுவரில் மாட்டினார்.

"பாருங்கக்கா. இது மூணு மெஷினோட சூட்டையும் பாத்துக்கிட்டே இருக்கும். ஏறுச்சுன்னா உங்க போனுக்கு மெசேஜ் வரும். நீங்க 'விசிறி'ன்னு திருப்பி அனுப்பினாப் போதும். அவசர விசிறி ஓடும், காத்துக் கதவு திறக்கும், முதலாளிக்குத் தகவல் போகும், எல்லாம் தானா நடக்கும். மெசேஜுக்கு பதில் சொல்றது மனுஷன் இல்ல, ஒரு பாட். கம்ப்யூட்டர் புரோகிராம்."

"அப்ப ஊர்ல போறவன் வர்றவன்லாம் 'நிறுத்து'ன்னு அனுப்பினா?"

வயருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருஷமாகக் காத்திருந்தாரோ! வெளியிலிருந்து யாரும் அந்தப் பெட்டியைத் தேடி வர முடியாது, பெட்டிதான் வெளியே போய் 'எனக்கு ஏதாவது வந்திருக்கா' என்று கேட்டு வாங்கி வரும் என்றார். அந்தப் பாட்டை இயக்க, எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட ரகசியச் சாவி உண்டு. அதைப் பெட்டிக்குள் ஏற்றும்போது திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். மூணாம் மெஷினில் இன்னும் முட்டை வைக்கவில்லை; அறையில் அவர்கள் இரண்டு பேரும் எட்டாயிரம் முட்டைகளும்தான் இருந்தார்கள். இரண்டு நம்பர்களுக்கு மட்டும் அனுமதி: அவளுடையது ஒன்று, அவருடையது ஒன்று. மூன்று சொற்களைத் தவிர வேறெதற்கும் அது அசையாது. விசிறி, சாய், நிறுத்து. கீழே மூன்று பொத்தான்களாகவும் அவை தெரியும். யார், எப்போது, என்ன அனுப்பினார்கள் என்பது பதிவாகும்.

"அந்தப் பதிவை யாராலயும் மாத்த முடியாதுக்கா. நானே நினைச்சாலும் முடியாது."

முட்டையக்காவுக்குப் பாட் என்ற சொல் வாயில் ஒட்டவில்லை. பயல் என்று பெயர் வைத்தாள். முதல் மூன்று நாள் பயல் நன்றாகவே நடந்துகொண்டான். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி 'விசிறி' என்று அனுப்பி, அங்கே விசிறி ஓடிய தகவல் வந்ததும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம் "என் மெஷின், நான் சொன்னா கேக்குது" என்று காட்டினாள்.

நாலாம் நாள் அவளுக்கு வாரவிடுமுறை. சாயங்காலம் வயர் வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"ஏன்கா நிறுத்துனீங்க?"

"எதை?"

"காலைல பதினொண்ணு பத்துக்கு 'நிறுத்து'ன்னு அனுப்பியிருக்கீங்க. மூணு மெஷின்லயும் தட்டு சாயவே இல்ல. மூணு மணி நேரம். நல்லவேளை, ரெண்டு மணிக்கு நான் பாத்து ஓட விட்டேன்."

"நான் அனுப்பலப்பா! பதினொண்ணு பத்துக்கு நான் தலைக்குக் குளிச்சுக்கிட்டு இருந்தேன்."

"உங்க நம்பர்லருந்துதான் வந்திருக்கு. உங்க நம்பர்னா நீங்கதானே?"

"எங்க வீட்ல நம்பர் ஒண்ணு, ஆள் மூணுப்பா" என்றாள் முட்டையக்கா.

இதுதான் வயரின் கணக்கில் விழாத ஓட்டை. அவர் படித்த இடத்திலெல்லாம் ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று எழுதியிருந்தது. இந்த வீட்டில் போன் குடத்துத் தண்ணீர் மாதிரி, தாகம் எடுத்தவர் மொண்டுகொள்ளலாம். தையல்காரருக்குப் போன் ஆகாது, கைவேலை கெடும் என்று ஒன்று வாங்கிக்கொள்ளவே இல்லை. துணி கொடுத்தவர்கள் கூப்பிட்டால் முட்டையக்கா பொரிப்பகத்திலிருந்தே "சட்டை நாளைக்குத்தான்" என்பாள். மீதி நேரமெல்லாம் அவருடைய அக்கா, முட்டையக்கா அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், கையில்தான் போன். உலகத்தில் யாரையும் காலை வணக்கம் இல்லாமல் எழவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ரோஜாப் படம் போட்டு நாற்பது பேருக்கு அனுப்புவார்.

அண்ணி ஒளிக்கவில்லை. நியாயம் தன் பக்கம் என்று வந்து நின்றார்.

"போன் லிஸ்ட்ல மேலேயே ஒருத்தன் இருந்தான். வணக்கம் போட்டேன். 'தெரியாத கட்டளை'ங்கறான். போகட்டும், தெரியாம சொல்லிட்டான்னு மறுபடி போட்டேன். திரும்பவும் அதேதான். என்ன மரியாதை கெட்ட ஆளு! கீழ 'நிறுத்து'ன்னு இருந்துச்சு. போதும்டா உன் பேச்சு, நிறுத்துன்னு அழுத்தினேன். அப்புறம் வாயே திறக்கலையே!"

வயர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போனுக்குப் பூட்டுப் போடச் சொன்னார். "போட்டா வீட்ல வேற பேச்சு கிளம்பும், வேண்டாம்" என்றாள் அவள். நாலு இலக்க ரகசிய எண் வைக்கலாமா என்றார். "எங்க வீட்ல எல்லா ரகசிய எண்ணும் ஒண்ணுதான். அண்ணி பொறந்த வருஷம்." அண்ணி ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர் தானே நிறுத்திக்கொண்டார். எழுதி வைத்தது எதுவும் ரகசியம் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் ஆயிற்றே.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் முட்டையக்காதான். மறுநாள் காலை மெஷின் கதவைத் திறந்து கணக்குச் சொல்லிக்கொண்டே போனவள் அப்படியே நின்று, பெட்டியருகே இருந்த வயரைக் கூப்பிட்டாள்.

"யப்பா, பயல் என்னை ஒரு கேள்வி கேக்கட்டும். ஏதாவது ஒரு மெஷினைச் சொல்லி, இன்னைக்கு எத்தனாம் நாள்னு கேக்கட்டும். சரியாச் சொன்னாத்தான் வேலை நடக்கணும். தினம் மாறுது, எழுதி வைக்க முடியாது. எந்த மெஷினைக் கேப்பான்னும் தெரியாது. என்னை விட்டா இது யாருக்குத் தெரியும்?"

"அக்கா, நீங்க இந்தத் தொழிலுக்கு வந்திருக்கணும்" என்றார் வயர். அன்றைக்கே அதைச் சேர்த்தார். இரண்டு தரம் தப்பாகச் சொன்னால் அந்த நம்பருக்கு ஒரு மணி நேரம் கதவு சாத்தப்படும் என்பதையும் தன் பங்குக்குச் சேர்த்தார். அண்ணி அன்று சாயங்காலமே வேண்டுமென்றே முயன்று பார்த்து, ஐம்பது என்றும் நூறு என்றும் பதில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். முட்டையக்காவுக்கு நிம்மதி. வியாழக்கிழமை பத்து மணிக்கு வயர் பொரிப்பகத்துக்கு நேரில் போய்விடுவதாக ஏற்பாடு. வழியில் ஏதாவது ஆனாலும் அவர் போன் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை பச்சை அங்கியும் தொப்பியுமாக ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோதும் அவள் கணவரைப் பார்த்து, "ஒண்ணு பதினாறு, ரெண்டு ஒன்பது, மூணு ஆறு" என்றாள். அவர் அவளுடைய போனையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு "ம்" என்றார். ஊசி போட்ட டாக்டர் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். பதினாறிலிருந்து எண்ணத் தொடங்கினாள், பத்தொன்பதுக்குமேல் அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் மத்தியான வெயில். வாய் காய்ந்து கிடந்தது. முதலில் கேட்டது, "ஒண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார் தையல்காரர். அவ்வளவுதான் சொன்னார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"அவ்வளவுதானா? ஏம்மா, இங்க என்ன கூத்து நடந்துச்சு தெரியுமா!"

கூத்து இப்படி. பத்தேகாலுக்குக் கரன்ட் போய் வந்திருக்கிறது. சூடேற்றி மறுபடி ஓடியது, ஒண்ணாம் மெஷின் விசிறி ஓடவில்லை. முப்பத்தெட்டரை ஆகும்போது பயல் கூவத் தொடங்கினான். வயர் அப்போது ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கூட்ஸ் வண்டி படுத்தே விட்டது. பரவாயில்லை என்று போனை எடுத்து 'விசிறி' அனுப்பினார். 'மூணாம் மெஷினில் இன்று எத்தனாம் நாள்?' என்றான் பயல். வயருக்கு அது தெரியாது. மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, தினமும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, மெஷின் அறைக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். எழுதி வைத்தது எதுவும் ரகசியம் இல்லை என்று சொல்கிறவர்தான்! ஏழு என்றார். தப்பு. ஐந்து என்றார். தப்பு. கதவு சாத்திவிட்டது. முப்பத்தொன்பது டிகிரி.

அவர் முட்டையக்காவின் நம்பருக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, அக்கா எங்க?"

"உள்ள."

"வெளிய வர எவ்வளவு நேரமாகும்? எல்லாம் போச்சுண்ணே. மூணாம் மெஷின்ல எத்தனாம் நாள்னு கேக்குது, அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்..."

"ஆறு" என்றிருக்கிறார் தையல்காரர்.

"என்னது?"

"மூணு ஆறு. ரெண்டு ஒன்பது. ஒண்ணு பதினாறு. இதுகூடத் தெரியாமத்தான் பெட்டி மாட்டுனீங்களா?"

பிறகு அந்த மனுஷர், போனே ஆகாதவர், ஆஸ்பத்திரிப் பெஞ்சில் செருப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு விரலால் விசிறிப் பொத்தானை அழுத்தினார். இந்தத் தரம் பயல் ரெண்டாம் மெஷினைக் கேட்டான். 'ஒன்பதா, நிச்சயமாடா?' என்று அண்ணி தோளைப் பிடித்து உலுக்க, 'நேத்து எட்டுக்கா' என்று சொல்லிக்கொண்டே ஒன்பதைப் போட்டார். விசிறி ஓடியது. ஐந்து நிமிஷத்தில் முப்பத்தெட்டுக்கு இறங்கியது.

முட்டையக்கா கணவரையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"தினம் காலைல நீதானே சொல்றே."

"அதான் நீங்க காதுலயே வாங்கறதில்லையே! ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதுண்டா?"

"வாயில குண்டூசி இருக்கே" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் சுரீரென்றது. அடக்கப் போனால் அழுகை வந்தது. பதினாலு வருஷம் சுவர் சுவர் என்று நினைத்தோமே, இந்த மனுஷர் ஒன்றுவிடாமல் கேட்டு வைத்திருக்கிறாரே என்று மனசு நிறைந்து தளும்பியது. அண்ணி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

மாலையில் வயர் ஆரஞ்சுப் பையோடு வந்தார். கால்மாட்டில் நின்று, சீட்டு ஒட்டிய குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டார். அதைக் கிழித்தாயிற்று என்றார். ஆனாலும் பிறவிக் குணம் போகுமா?

"அக்கா, சந்தோஷம்தான். ஆனா ரகசியம் வெளிய போயிடுச்சு. கேள்வியை மாத்தியாகணும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது, வீட்ல யாருக்கும் தெரியாதது, அப்படி ஒண்ணு சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "ஜெனரேட்டரை எத்தனை தட்டுத் தட்டினா கிளம்பும்?"

"மூணு" என்றார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த தையல்காரர்.

"மூணாம் மெஷின் கதவுல எந்த இடத்துல ரப்பர்..."

"கீழ் மூலை. இடது பக்கம்."

"முட்டைக்குள்ள கரு இருக்கான்னு பாக்கற விளக்கை நான் எங்க..."

"அலமாரிக்குப் பின்னாடி ஆணில. யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு."

முட்டையக்கா மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். பதினாலு வருஷ வேலையில், வீட்டில் சொல்லாமல் வைத்தது என்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "ஒண்ணும் இல்லையேப்பா!" என்று கையை விரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் தோற்றுப்போய் வயர் பார்த்ததில்லை.

"அப்ப அண்ணனையே முறையா சேத்துடறேன்" என்றார் வயர். "ஆனா தனி போன், தனி நம்பர் வேணும். இன்னைக்குப் பதிவைப் பாருங்க. பத்து நாப்பத்திரண்டுக்கு அனுப்பியவர் முட்டையக்கான்னு இருக்கு. அந்நேரம் நீங்க மயக்கத்துல கிடந்தீங்க. இப்படி இருந்தா நாளைக்கு எதை நம்பறது?"

"என் பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போடேன்."

"பதிவை மாத்த முடியாதுக்கா. நானே நினைச்சாலும் முடியாது."

தையல்காரர் ஆரஞ்சுச் சுளையை அவள் கையில் வைத்தார். போன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கைவேலை கெடும் என்றும் சொல்லவில்லை. அண்ணி மட்டும், புது நம்பர் கிடைத்ததும் முதல் ரோஜா தன்னுடையதுதான் என்று அப்போதே சொல்லிவைத்தார்.

ஒண்ணாம் மெஷினின் இருபத்தோராம் நாள் முட்டையக்கா பொரிப்பகத்துக்குப் போய்விட்டாள். எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் பொரிக்கும் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை வேலை வாங்கினாள். சூடு தாக்கிய பேட்ச் என்று விடியற்காலையிலிருந்து நாலு தரம் சூட்டைப் பார்த்தாயிற்று. கதவைத் திறந்தார்கள். கீச்சுக் கீச்சென்று அறையே நிறைந்தது. எண்ணிப் பார்த்த பெண் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் என்றாள். வழக்கத்துக்குக் கொஞ்சம்கூடக் குறைவில்லை. முட்டையக்கா ஈரம் காயாத ஒரு குஞ்சை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. பயலிடமிருந்து தகவல். புரியாத மெசேஜ் எது வந்தாலும் அவளுக்கு ஒரு நகல் வரும்படி வயர் வைத்திருந்தார். மறுபடி அண்ணிதான் என்று நினைத்துத் திறந்தாள்.

'அனுப்பியவர்: தையல்காரர். செய்தி: ஒண்ணு இருபத்தொண்ணு. வந்துடுச்சா? பதில்: தெரியாத கட்டளை.'

பாவம், யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் பயலிடம் கேட்டிருக்கிறார். ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டோ எடுக்காமலோ. பதினாலு வருஷத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய புது நம்பரைத் தேடி எடுத்தாள். மடியில் குஞ்சு நகர்ந்து நகர்ந்து கையைக் கொத்தியது.

'வந்துடுச்சுங்க' என்று அனுப்பினாள். 'கடையைச் சாத்திட்டு வந்து பாருங்க.'